ஏழு வினாடி மேளம்

பள்ளி முடிந்து வீடு திரும்பிய ஒரு மாணவன் கணினியின் முன் அமர்கிறான். இணைய உலாவியைத் திறந்து, பாட்டு அமைக்க உதவும் ஒரு தளத்துக்குள் நுழைகிறான். திரையின் ஓரத்தில் ஒலித்துண்டுகளின் பட்டியல் வரிசையாக நிற்கிறது. டிரம்ஸ் துண்டு ஒன்றைச் சுட்டியால் பிடித்து இழுத்து நடுவில் விடுகிறான். அங்கே வண்ணக் கட்டம் ஒன்று தோன்றுகிறது. அதன் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கமாக நீட்டுகிறான். அந்த மேளம் நான்கு முறை, எட்டு முறை, பதினாறு முறை என்று அடுத்தடுத்து ஒலிக்கிறது. மொத்த வேலைக்கும் பத்து வினாடிகூட ஆகவில்லை.

இப்படித் திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டை இசைக்கூடங்களில் 'லூப்' என்று சொல்வார்கள். சுழன்றுகொண்டே இருக்கும் ஒலித்துண்டு என்பது அதன் பொருள். இன்று வெளிவரும் பாடல்களில் லூப் இல்லாத பாடலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாணவனின் அந்தப் பத்து வினாடி வேலைக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அந்தக் கதையில் அரிய கண்டுபிடிப்புகள் உண்டு. நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போன ஓர் அநீதியும் உண்டு.

திரும்பி வருவது இசைக்குப் புதிதல்ல. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை முடிந்ததும் கை மீண்டும் முதல் தட்டுக்கு வருகிறது. அனுபல்லவியும் சரணமும் முடிந்த பிறகு பாடகர் பல்லவிக்குத் திரும்புகிறார். ஆனால், மிருதங்கக் கலைஞர் ஒரே சொல்லைப் பத்து முறை வாசித்தாலும் பத்தும் சற்றேனும் வேறுபடும். கை களைக்கும், சூடேறும், சபையைப் பார்த்து உற்சாகம் கொள்ளும். லூப்பில் அப்படி இல்லை. ஒருமுறை வாசித்த அதே அடி, மாற்றமே இல்லாமல் ஆயிரம் முறை ஒலிக்கும். வாசித்தவர் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் ஒலிக்கும். வசதியும் அங்கேதான் தொடங்குகிறது, வழக்கும் அங்கேதான் தொடங்குகிறது.

தடம் மூடிய இசைத்தட்டு

1948-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பொறியாளர் பியர் ஷெஃபேர், பத்தினோல் ரயில் நிலையத்துக்குச் சென்று நீராவி இயந்திரங்களின் ஓசையைப் பதிவு செய்தார். அப்போது வானொலி நிலையங்களில் பதிவுகள் இசைத்தட்டில்தான் செய்யப்பட்டன. சாதாரண இசைத்தட்டில் ஊசி ஓடும் தடம் வெளி ஓரத்தில் தொடங்கி, சுருள் சுருளாக உள்நோக்கிச் செல்லும். ஷெஃபேர் அந்தத் தடத்தை ஒரு வட்டமாக மூடினார். ஊசி அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒரே ஓசையை விடாமல் ஒலித்தது.

அக்காலத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழலும். எனவே ஒரு சுற்று என்பது முக்கால் வினாடிக்குச் சற்று அதிகம். அந்த முக்கால் வினாடியில் அடங்கிய ரயிலின் ஓசை, திரும்பத் திரும்பக் கேட்டபோது ரயிலாகத் தோன்றாமல் தாளமாகத் தோன்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி அவருடைய 'ரயில் பாதை' இசை வானொலியில் ஒலிபரப்பானது. எந்த இசைக் கருவியும் வாசிக்கப்படாத அந்த ஒலிபரப்பை, லூப்பின் தொடக்கப் பக்கங்களில் ஒன்றாக இசை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

சவர பிளேடும் ஒலிநாடாவும்

அடுத்து வந்தது ஒலிநாடா. 1935-இல் ஜெர்மனியில் அறிமுகமான நாடாப் பதிவுக் கருவி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. தட்டைப் போலன்றி நாடாவை வெட்டலாம், ஒட்டலாம். ஒரு துண்டை வெட்டி, அதன் தலையையும் வாலையும் சேர்த்து ஒட்டிவிட்டால் அது ஒரு வளையம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். நான்கு வினாடி லூப் வேண்டுமென்றால் ஒன்றரை மீட்டர் நாடா தேவை. லூப்பின் நீளத்தை அப்போது அளவுகோல் வைத்து அளந்தார்கள். சவர பிளேடு ஒரு விரல் நகம் அளவு தள்ளி விழுந்தால் தாளம் இடறும்.

1966 ஏப்ரலில் லண்டனில் பீட்டில்ஸ் குழுவினர் 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலைப் பதிவு செய்தனர். பால் மெக்கார்ட்னி வீட்டில் தாமே செய்த நாடா வளையங்களைக் கொண்டுவந்தார். ஒரே நேரத்தில் ஐந்து வளையங்கள் ஓட வேண்டும். கட்டடத்தின் பல அறைகளில் இருந்த பதிவுக் கருவிகள் இணைக்கப்பட்டன. வளையங்கள் தொய்ந்து போகாமலிருக்க ஊழியர்கள் பென்சிலைக் கொண்டு இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள். இன்று ஒரு மாணவன் தனியாகச் செய்யும் வேலைக்கு அன்று ஒரு கட்டடமே கை கொடுக்க வேண்டியிருந்தது.

1977-இல் பீ ஜீஸ் குழுவினருக்கு நேர்ந்தது இன்னும் சுவையானது. பிரான்ஸ் நாட்டின் பழைய மாளிகை ஒன்றில் அமைந்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் 'ஸ்டேயின் அலைவ்' பாடல் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊர் திரும்ப நேர்ந்தது. மாற்றுக் கலைஞர் கிடைக்கவில்லை. அவர் ஏற்கெனவே 'நைட் ஃபீவர்' பாடலுக்கு வாசித்திருந்த இரண்டே தாளச் சுற்றுகளை வெட்டி எடுத்து, வளையமாக ஒட்டி, ஒலிவாங்கித் தண்டின் மீது சுற்றி ஓடவிட்டார்கள். பாடல் முழுவதற்கும் அந்த இரண்டு சுற்றுகள்தான் மேளம்.

இசைத்தட்டு உறையில் டிரம்ஸ் வாசித்தவர் பெயரைப் போட வேண்டுமே? வேடிக்கையாக 'பெர்னார்ட் லூப்' என்று ஒரு பெயரை அச்சிட்டார்கள். 1978 பிப்ரவரியில் அந்தப் பாடல் அமெரிக்கத் தர வரிசையில் முதலிடம் பெற்றது. பெர்னார்ட் லூப் என்ற அந்த அபாரமான கலைஞரைத் தேடி மற்றவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஆள் இல்லாமல் பெயர் மட்டும் புகழ் பெற்ற கதை இது. பெயர் தெரியாமல் ஆள் மறைந்துபோன கதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

ஒரே தட்டு, இரண்டு பிரதிகள்

நாடாவை வெட்டவும் ஒட்டவும் ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும், பணம் வேண்டும். இரண்டும் இல்லாத இடம் நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரம். அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற இளம்பெண் ஒரு விருந்து நடத்தினார். பள்ளி திறக்கும் முன் புது உடை வாங்கப் பணம் சேர்ப்பது அவருடைய நோக்கம். இசைத்தட்டு ஒலிக்கவிட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். ஜமைக்காவில் பிறந்த அவரைக் 'கூல் ஹெர்க்' என்றுதான் உலகம் அறியும்.

ஆடுபவர்களின் உற்சாகம் எப்போது உச்சத்துக்குப் போகிறது என்று ஹெர்க் கவனித்து வைத்திருந்தார். பாடகரும் மற்ற கருவிகளும் ஓய்ந்து, டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில வினாடிகளில்தான் கூட்டம் துள்ளியது. அந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிடும். அதை நீட்ட அவர் ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை வாங்கினார். முதல் தட்டில் டிரம்ஸ் பகுதி முடியும்போது இரண்டாவது தட்டில் அதே பகுதியைத் தொடங்குவார். அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னோக்கித் திருப்பித் தயாராக வைப்பார். நாடாவும் பிளேடும் இல்லாமல், இரண்டு கைகளால் உருவான லூப் அது.

பார்படோஸ் தீவில் பிறந்து பிராங்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இதைத் துல்லியமாக்கினார். தட்டின் மீது வண்ணக் குச்சியால் கோடு போட்டு, கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் எத்தனை சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று கணக்கிட்டார். ஹிப்-ஹாப் எனும் இசைவகை இந்தக் கைவேலையிலிருந்து கிளைத்தது. மற்றவர் வாசித்த டிரம்ஸ் மீது புதிய பாட்டுக் கட்டும் வழக்கமும் இப்படித்தான் வேரூன்றியது.

இருபது நிமிடத்தில் பிறந்த 'பி' பக்கம்

வாஷிங்டன் நகரைச் சேர்ந்த 'தி வின்ஸ்டன்ஸ்' குழு 1969-இல் 'கலர் ஹிம் ஃபாதர்' என்ற பாடலை இசைத்தட்டாக வெளியிட்டது. பாடல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கிராமி விருதும் பெற்றது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஏதாவது வேண்டுமே என்று, சுமார் இருபது நிமிடங்களில் 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசை அமைக்கப்பட்டது. அதன் நடுவே டிரம்ஸ் கலைஞர் கிரிகரி கோல்மன் நான்கு தாளச் சுற்றுகள் தனியாக வாசித்தார். மொத்தம் ஏழு வினாடி. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. ஏழு வினாடியை யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1980-களில் சாம்ப்ளர் எனும் மின்னணுக் கருவி வந்தது. எந்த ஒலியையும் சில வினாடிகள் பிடித்துவைத்து, ஒரு பொத்தானை அழுத்தியதும் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி அது. 1987-இல் அமெரிக்காவில் வெளிவந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரின் மொத்த நினைவகம் பத்தே வினாடிகள். இசையமைப்பாளர்கள் அந்தப் பத்து வினாடியைக் கஞ்சத்தனமாகச் செலவு செய்தார்கள். 33 சுற்று வேகத்தில் ஒலிக்க வேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு மெதுவாக்கிப் பயன்படுத்தினார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் அடங்கும் நல்ல மேளம் எங்கே கிடைக்கும் என்ற தேடலில், 1986 முதல் வெளிவந்த மேளத் தொகுப்பு இசைத்தட்டுகள் அவர்களுக்குக் கை கொடுத்தன. அத்தொகுப்புகளில் ஒன்றில் கோல்மனின் ஏழு வினாடி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மேளம் நிற்கவே இல்லை. 1988-இல் என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்' பாடலில் ஒலித்தது. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து இளைஞர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டி, வேகத்தைக் கூட்டி, வரிசையை மாற்றி அடுக்கியபோது 'ஜங்கிள்' என்ற புதிய இசைவகையே உருவானது. இன்று வரை ஆயிரக்கணக்கான பாடல்களில் அந்த ஏழு வினாடி இடம்பெற்றிருக்கிறது.

அதை வாசித்த கிரிகரி கோல்மன் 2006-இல் அட்லாண்டா நகரில் வீடற்றவராக, கையில் காசில்லாதவராக இறந்தார். தம்முடைய மேளம் உலகம் முழுவதும் ஒலிப்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்று குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் பின்னர் கூறினார். இசையின் உரிமை ஸ்பென்சரிடம் இருந்தது. 1996-இல்தான் அவருக்கே செய்தி எட்டியது. வழக்குத் தொடரச் சட்டம் அனுமதிக்கும் காலம் அதற்குள் கடந்துவிட்டது. அவருக்கும் உரிமைத்தொகை கிடைக்கவில்லை.

நீதிமன்றம் போட்ட கோடு

மற்றவர் பதிவிலிருந்து துண்டு எடுப்பது கலையா, களவா என்ற கேள்வி 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. பாடகர் கில்பர்ட் ஓ'சலிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றி ஒரு பகுதியை எடுத்து லூப்பாகப் பயன்படுத்தியிருந்தார் பிஸ் மார்க்கி. களவு செய்யாதே என்ற வேதக் கட்டளையை முன்னிறுத்தித் தீர்ப்பைத் தொடங்கிய நீதிபதி, அந்தப் பாடலின் விற்பனைக்குத் தடை விதித்தார். இசை நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துப்பூர்வமாக அனுமதி பெறுவது அன்றிலிருந்து வழக்கமானது.

இந்தத் தீர்ப்புக்கு இரண்டு விளைவுகள் ஏற்பட்டன. பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து அனுமதி பெற்றன. பணம் இல்லாதவர்கள் வேறு வழி தேடினார்கள். அவர்களுக்காகவே கலைஞர்களை அழைத்து வாசிக்க வைத்து, ஒரே முறை விலை கொடுத்தால் பிறகு உரிமைத்தொகை கேட்பதில்லை என்ற உறுதியோடு லூப் தொகுப்புகள் குறுந்தட்டுகளில் விற்பனைக்கு வந்தன. மாணவனின் திரையில் இன்று நிற்கும் பட்டியல் அந்தத் தொகுப்புகளின் வாரிசு.

திரையில் படமாக மாறிய பாட்டு

இதற்கிடையே கணினி இசைக்கூடத்துக்குள் நுழைந்திருந்தது. 1983-இல் மின்னணு இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழியாக 'மிடி' முறை வந்தது. 1989-இல் ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 'கியூபேஸ்' மென்பொருளை வெளியிட்டது. அதில் பாட்டு ஒரு படமாகத் தெரிந்தது. காலம் இடமிருந்து வலமாக ஓடும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரிசை. ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டம். கட்டத்தை நகர்த்தினால் பாட்டின் பகுதி இடம் மாறும். இன்றைய இணைய இசைத்தளங்கள் பலவற்றின் முகத்தோற்றமும் இந்த அமைப்பிலிருந்து வந்ததுதான்.

ஆனாலும் ஒரு தொல்லை இருந்தது. இரண்டு லூப்புகள் ஒரே வேகத்தில் இருந்தால்தான் ஒட்டும். ஒன்றின் வேகத்தைக் கூட்டினால் அதன் சுருதியும் ஏறிவிடும். ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் பாடகர் குரல் கீச்சுக் குரலாக மாறுவதுபோல. 1998-இல் வெளிவந்த 'ஆசிட்' என்ற மென்பொருள் இந்த முடிச்சை அவிழ்த்தது. வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகப் பிரித்து, எந்த லூப்பைப் போட்டாலும் பாட்டின் வேகத்துக்கும் சுருதிக்கும் தானே பொருந்தச் செய்தது. லூப்பை இழுத்துவந்து திரையில் தூரிகையால் தீட்டுவதுபோல் தீட்டினால் போதும். இசை படிக்காதவரும் பாட்டு அடுக்கலாம் என்ற காலம் அங்கே தொடங்கியது.

ஆசிட் மென்பொருளை உருவாக்கிய சோனிக் ஃபவுண்டரி நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரில் இயங்கியது. அதே மேடிசனில் 1971 முதல் வசித்துவந்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 1969 நவம்பரில் அவர் வாசித்த 'ஃபங்கி டிரம்மர்' மேளம், கோல்மனின் ஏழு வினாடியைப் போலவே உலகில் மிக அதிகமாக வெட்டி எடுக்கப்பட்ட மேளங்களில் ஒன்று. சிறு வயதில் தொழிற்சாலைகளின் ஓசையையும் ரயிலின் ஓசையையும் கேட்டுத் தாளம் பழகியவர் அவர். பாரிஸில் ஷெஃபேர் ரயிலில் கேட்ட தாளத்தை டென்னசி மாநிலத்தில் இந்தச் சிறுவனும் கேட்டிருக்கிறான்.

அந்தப் பாடலின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்தது. மேளம் வாசித்தவருக்கு அதில் பங்கில்லை. லூப்புகளை உலகத்தின் மேசைக்குக் கொண்டுவந்த மென்பொருள் பிறந்த ஊரிலேயே, லூப்புகளின் மூலவர்களில் ஒருவர் வாரம்தோறும் உள்ளூர் மேடையில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். 2017 பிப்ரவரியில் அவர் அதே நகரில் காலமானார்.

உலாவிக்குள் இசைக்கூடம்

2001-இல் பெர்லின் நகரிலிருந்து 'ஏபிள்டன் லைவ்' வந்தது. அதில் லூப்புகளைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு, மேடையிலேயே எதை எப்போது ஒலிக்கவிடுவது என்று முடிவு செய்யலாம். 2004 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் 'கராஜ்பேண்ட்' மென்பொருளை ஆயிரத்துக்கும் அதிகமான லூப்புகளோடு அறிமுகம் செய்தது. அந்த லூப்புகளை விளையாட்டுப் பொருள் என்று எண்ணியவர்கள் 2007-இல் வியந்து போனார்கள். அந்த ஆண்டு உலகெங்கும் ஒலித்த ரிஹானாவின் 'அம்பரெல்லா' பாடலின் மேளம், கராஜ்பேண்டில் எல்லாருக்கும் கிடைத்த 'விண்டேஜ் ஃபங்க் கிட் 03' என்ற லூப்.

மென்பொருளை வாங்கிக் கணினியில் நிறுவ வேண்டும் என்ற நிலையும் பிறகு மாறியது. உலாவியே ஒலியைக் கையாளும் பொது முறைக்கான முதல் வரைவு 2011-இல் வெளியானது. 2021-இல் அது உலகளாவிய இணையத் தரமாக ஏற்கப்பட்டது. ஸ்டாக்ஹோமில் தொடங்கிய 'சவுண்ட்டிராப்' பள்ளிகளில் இடம்பிடித்தது. 2017-இல் ஸ்பாட்டிஃபை நிறுவனம் அதை வாங்கி, 2023-இல் நிறுவனர்களிடமே திரும்ப விற்றது.

இந்த வரிசையில் சிங்கப்பூருக்கும் ஓர் இடம் உண்டு. 2015-இல் குவோக் மெங் ரூ சிங்கப்பூரில் தொடங்கிய 'பேண்ட்லேப்', உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் இலவசமாகப் பாட்டு அமைக்கும் தளம். 2018-இல் அது அமெரிக்காவின் பழைய இசை மென்பொருளான 'கேக்வாக்'கை வாங்கி இலவசமாக வழங்கியது. 2024 மார்ச்சில் தன் பயனாளர் எண்ணிக்கை 100 மில்லியனைத் தாண்டியதாக அறிவித்தது. ஒரு காலத்தில் கட்டடம் நிறைய ஆட்கள் பென்சில் பிடித்து நின்ற வேலை, சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது.

அடுக்குவதில் இருக்கிறது பாட்டு

கருவி இவ்வளவு எளிதானால் பாட்டும் எளிதாகிவிட்டதா? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று இரண்டு வினாடி. நான்கு சுற்று லூப் எட்டு வினாடி. மூன்று நிமிடப் பாட்டுக்கு அதை இருபத்திரண்டரை முறை ஒலிக்கவிட வேண்டும். எவ்வளவு இனிய துண்டும் ஐந்தாவது முறையில் பழகிவிடும், பத்தாவது முறையில் சலித்துவிடும். புதிதாகத் தளத்துக்குள் வருபவர்களில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எட்டு வினாடி அருமையாக அமைந்துவிடுகிறது. அதற்கு மேல் பாட்டு நகர மறுக்கிறது.

நகர்த்துவது அடுக்கும் திறமை. திரைப்பாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியாததல்ல. முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம், மீண்டும் பல்லவி. ஒவ்வொன்றும் எதற்காக அங்கே நிற்கிறது என்று காதுக்குத் தெரியும். லூப் கட்டங்களை அடுக்குபவரும் அதையேதான் செய்ய வேண்டும். முன்னிசையில் கித்தார் மட்டும். பாடல் தொடங்கும்போது மேளம் சேரும். பல்லவியில் எல்லாக் கருவிகளும் கூடும். இடையிசையில் மேளத்தை எடுத்துவிட்டு வேறொரு துண்டு வைக்கப்படும். இரண்டாவது சரணம் முதலாவதைப் போலவே இருந்தால் கேட்பவர் கவனம் கலையும். எனவே ஒன்றைக் கூட்ட வேண்டும் அல்லது ஒன்றைக் குறைக்க வேண்டும்.

தேர்ந்தவர்கள் சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் அதிகம் யோசிக்கிறார்கள். பல்லவிக்கு முந்தைய ஒரு சுற்றில் மேளத்தை நிறுத்தினால், அந்த இரண்டு வினாடி மௌனத்துக்குப் பிறகு வரும் பல்லவி இரட்டிப்பு வலுவோடு ஒலிக்கும். மேளம் மாறவே இல்லை. அதற்கு முன் இருந்த வெற்றிடம் அதைப் புதிதாக்கியது. 'ஸ்டேயின் அலைவ்' பாடலிலும் மேளம் தொடக்கம் முதல் முடிவு வரை அதே இரண்டு சுற்றுகள்தான். மேலே குரல்களும் ஊதுகருவிகளும் நரம்புக் கருவிகளும் வந்து வந்து போவதால் அலுப்பு தட்டவில்லை. ஒட்டுவதை இயந்திரம் கற்றுக்கொண்டது. எதை எங்கே நிறுத்துவது என்பது இன்னும் ஆளின் காதைப் பொறுத்தது.

உரியவருக்கு உரியது

அடுக்கியவர் உழைப்பு அடுக்கியவருக்கு. துண்டுக்கு உரியவர் யார்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைத்த நிகழ்ச்சியும் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த 'யங்கியோ' என்ற இளைஞர், நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழு 2008-இல் வெளியிட்ட வாத்திய இசையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, மேளம் சேர்த்து இணையத்தில் விற்பனைக்கு வைத்தார். லில் நாஸ் எக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் அதை 30 டாலருக்கு வாங்கி, 2018 டிசம்பரில் 'ஓல்டு டவுன் ரோடு' பாடலை வெளியிட்டார். 2019-இல் அந்தப் பாடல் அமெரிக்கத் தர வரிசையில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. மூலத் துண்டை உருவாக்கிய டிரெண்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் இருவரின் பெயர்களும் பாடலாசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. துண்டு சிறியது என்று யாரும் தள்ளிவிடவில்லை.

கோல்மனுக்கு அப்படி நடக்கவில்லை. அவரும் மூன்று பேரும் நடுவே ஒரு காலமும்தான் வேறுபாடு. ரெஸ்னருக்குப் பின்னால் சட்டமும் வழக்கறிஞர்களும் இருந்தார்கள். 'பி' பக்கத்தில் மேளம் வாசித்த கலைஞருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. 2015-இல் இங்கிலாந்தின் இசைத்தட்டுக் கலைஞர்கள் இருவர் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, 24,000 பவுண்டைக் குழுத் தலைவர் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். சட்டம் வற்புறுத்தாத கடனை மனச்சாட்சி அடைத்தது. அதைக் காணக் கோல்மன் உயிரோடு இல்லை. ஸ்பென்சரும் 2020-இல் காலமானார்.

இணையத்தளங்கள் இன்று தரும் லூப்புகள் பெரும்பாலும் முறையாக விலை கொடுத்துப் பெறப்பட்டவை. அவற்றைக் கொண்டு பாட்டு அமைத்து வெளியிடலாம், விற்கவும் செய்யலாம். துண்டை மட்டும் தனியே தன்னுடையது என்று விற்கக் கூடாது என்பது பொதுவான விதி. அதே துண்டு பல்லாயிரம் பேரிடம் இருப்பதால், அதை மட்டும் காட்டி எந்தப் பாட்டுக்கும் சொந்தம் கொண்டாட முடியாது. வெளியிடும் முன் தளத்தின் உரிம விதிகளை ஒருமுறை படித்துப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். தெரிந்த பாடலிலிருந்து வெட்டி எடுத்த துண்டானால் அது ஏழு வினாடி ஆனாலும் அனுமதி தேவை.

பள்ளி முடிந்து வந்த மாணவனின் திரையில் இன்னும் அந்த வண்ணக் கட்டம் நிற்கிறது. கட்டத்தின் மேல் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. பெயரில் கருவி இருக்கிறது, எண் இருக்கிறது. வாசித்தவர் இல்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் குச்சியைக் கையில் எடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அந்தச் சில வினாடிகளை வாசித்திருக்கிறார். மாணவன் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து நீட்டும்போதெல்லாம் அவர் மீண்டும் ஒருமுறை வாசிக்கிறார்.